வறண்ட மாதங்களில் ஒரு கீரைப்பாத்தி

(பினாங்குத் தண்ணீர்மலையில், மாசி மாதத்து மாலைப்பொழுதொன்றில், தமிழ்க் கிறிஸ்தவ அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வறட்சிக் காலத்துத் தோட்ட வேலையையும் நம்முடைய விசுவாசத்தையும் ஒருங்கே எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேராத விஷயங்கள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கிக் கடைசி ஏடுவரை பொறுமையோடு படித்துச் செல்லுகிற எவருக்கும், அது வானத்தை அண்ணாந்து பார்த்து, மேகம் திரளுமா என்று காத்திருந்து, கிணற்றுக்காகச் சண்டையிட்டு, சமாதானமாகி, விதைத்து அறுத்த குடியானவர்களின் நடுவிலே பிறந்த நூல் என்பது விளங்காமற் போகாது. அதைத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இருந்துகொண்டு படிப்பதற்கும், பாத்தி வெடித்துக் கிடக்கும் மாதத்தில் படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பினாங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கே எங்கு பார்த்தாலும் பசுமையாக இருப்பதைக் கண்டு, இந்த ஊருக்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது சகஜம். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தீவு இது. திருநெல்வேலிச் சீமையின் கீழ்க்கரையோரத்தில் நம் முன்னோர் விட்டுவந்த ஊர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிது. ஆயினும் இந்த மழை எல்லா மாதங்களிலும் சமமாகப் பெய்வதில்லை. மார்கழி கடந்து தை பிறக்கும்போது வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு முதலிய கிழக்குக் கரை மாநிலங்களில் வெள்ளமாகக் கொட்டிவிட்டு, தீபகற்பத்தின் நடுவே முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து நம்மிடம் வரும்போது ஈரமற்ற காற்றாகவே வந்து சேருகிறது. அதனால்தான் ஜனவரியும் பிப்ரவரியும் நமக்கு வறண்ட மாதங்களாக இருக்கின்றன. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில்தான் மாலைநேரத்து இடிமழை திரும்பி வருகிறது.

கப்பலேறி வந்த நம்முடைய மக்களுக்கு இது முதலில் பெருங்குழப்பத்தை உண்டாக்கியிருக்கவேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டனும் பூட்டனும் சொல்லிக்கொடுத்த கணக்கு இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. ஊரிலே தையும் மாசியும் அறுவடையும் பனியுமாக இருக்கும் மாதங்கள். வெயில் சித்திரையில்தான் ஏறும், வைகாசிக் கத்திரியில் உச்சத்தை அடையும். இங்கேயோ, அங்கே பொங்கல் பானை பொங்கும் வேளையில் கீரைப்பாத்தி காய்கிறது. விதை முடிச்சைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்த தாய்மார், முருங்கைக் குச்சியையும் கறிவேப்பிலைக் கன்றையும் ஊன்றி வைத்துவிட்டு, எந்த மாதத்தில் எதை விதைக்கலாம் என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் பெயரை எந்தச் சரித்திர நூலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்று பினாங்கில் ஒரு தமிழ் வீட்டின் பின்புறத்தில் முருங்கை நிற்கிறது என்றால் அது அவர்களுடைய பிரயாசத்தின் பலன்.

வேதாகமத்திலே வறட்சியைப்பற்றி மிக விஸ்தாரமாகப் பேசுவது எலியா தீர்க்கதரிசியின் சரித்திரம். ஞாயிறு பள்ளிக்கூடத்திலேயே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். கர்மேல் மலையின்மேல் அக்கினி இறங்கியதும், கடலிலிருந்து உள்ளங்கையளவு மேகம் எழும்பியதும் உங்களுக்கு மனப்பாடம். நான் உங்கள் கவனத்தை அந்த அற்புதங்களுக்கு முன்னாலுள்ள சிறிய சம்பவங்களின்பால் திருப்ப விரும்புகிறேன். மழை பெய்யாது என்று அரசன் முகத்துக்கு எதிரே சொன்ன தீர்க்கதரிசிக்கு அந்த வறட்சியிலிருந்து விதிவிலக்கு கிடைக்கவில்லை. அவர் ஒளிந்திருந்த கேரீத் ஆறும் மற்ற ஆறுகளைப் போலவே வற்றிப்போயிற்று. தாகத்தோடு நடந்துபோய், சாறிபாத் ஊரின் வாசலிலே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் அவர் முதன்முதல் கேட்டது ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர். அவளோ சீதோன் நாட்டுப் பெண். அவருடைய தேவனை வழிபடாத அந்நிய ஜாதியைச் சேர்ந்தவள். அப்படியிருந்தும் அவள் மறு கேள்வி கேட்காமல் தண்ணீர் கொண்டுவரப் புறப்பட்டாள் என்று வேதம் சொல்லுகிறது. பானையில் மாவு குறையாதிருந்த அற்புதத்தைப் போதகர்கள் பலமுறை பிரசங்கித்திருக்கிறார்கள். வறட்சியின் மத்தியில் முன்பின் அறியாத ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து போன அந்தக் கால்களைப்பற்றி அதிகம் பேசியதில்லை. அந்தச் செயலும் அற்புதத்துக்குக் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

அதே வறட்சியின் காலத்தில் ஆகாப் அரசன் செய்ததையும் பாருங்கள். நாட்டிலே பஞ்சம் கொடிதாயிருந்தபோது, அவன் தன் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியாவை அழைத்து, நீரூற்றுகளையும் ஓடைகளையும் தேடிக்கொண்டு ஆளுக்கொரு திசையாய்ப் போவோம் என்கிறான். குடிமக்களுக்குத் தண்ணீர் தேடுவதற்காக அவன் போகவில்லை. தன் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாதபடி புல் அகப்படுமா என்று பார்க்கப் போகிறான். வறட்சி நீங்கி மழை பெய்து சில காலம் சென்றபின் இதே அரசன்தான் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைத் தன் அரண்மனையை ஒட்டிய கீரைத்தோட்டமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு, அது கிடைக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்து, முடிவில் அந்தக் குடியானவன் கல்லெறியுண்டு சாவதற்குக் காரணமானான். ஒரு கீரைத்தோட்டத்துக்காக ஓர் உயிர் போயிற்று. வறட்சியில் யாருடைய தாகத்தை முதலில் எண்ணினான் என்பதைக் கொண்டே ஆகாபை நான் அறிந்துகொள்கிறேன். நாபோத்தின் காரியம் அதன் தொடர்ச்சியே.

உபாகமத்திலே மோசே ஜனங்களுக்குச் சொல்லும் ஒரு வார்த்தையும் தோட்டக்காரர்களுக்கு மிகவும் நெருக்கமானது. நீங்கள் விட்டுவந்த எகிப்து தேசத்திலே விதையை விதைத்துக் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலால் நீர் பாய்ச்சினீர்கள். நீங்கள் சேரப்போகிற தேசமோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளது, வானத்து மழையைக் குடிப்பது என்ற கருத்தில் அவர் பேசுகிறார். நைல் நதியில் தண்ணீர் தவறாது. ஆனால் அங்கே அவர்கள் அடிமைகள். வாக்குத்தத்தத்தின் தேசத்தில் அவர்கள் சுதந்தரர். ஆனால் அங்கே ஆண்டுதோறும் மழைக்குக் காத்திருக்கவேண்டும். தேவன் தம் ஜனத்தை நிச்சயமான தண்ணீர் உள்ள இடத்திலிருந்து நிச்சயமில்லாத தண்ணீர் உள்ள இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார் என்பதைச் சற்று நிதானித்து யோசியுங்கள்.

இனி நம்முடைய சொந்தச் சரித்திரத்துக்கு வருகிறேன். தென்னாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஆணிவேர் இறங்கிய இடங்களில் முக்கியமான சில, பச்சை வயல் சூழ்ந்த தாமிரபரணிக் கரையிலே இல்லை. அவை தேரிக்காடு என்று சொல்லப்படும் செம்மணற் பிரதேசத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தச் செம்மணல் எழுந்து பறந்து, கிணற்றையும் வேலியையும் மூடிவிடும் தன்மையுடையது. 1799-இல் புதிய விசுவாசிகளுக்காக ஏற்பட்ட முதலூரும், ராபர்ட் கால்டுவெல் 1841 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பணிசெய்த இடையன்குடியும், ஜான் தாமஸ் ஐயர் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட மெய்ஞ்ஞானபுரமும் அந்தப் பக்கத்து ஊர்களே. இந்த மிஷனரி ஐயர்மார் ஆலயம் கட்டியதைப்பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். மெய்ஞ்ஞானபுரத்துக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஊர் வந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் சொல்லுவார்கள்; இடையன்குடி ஆலயமோ பல ஆண்டுகள் படிப்படியாக எழுந்து 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. ஆனால் அந்த ஆலயங்கள் எழும்புவதற்கு முன்னும் எழும்பும்போதும் அங்கே கிணறுகள் தோண்டப்பட்டன, மரங்கள் நடப்பட்டன, தெருக்கள் நிழலுள்ளவையாகத் திட்டமிடப்பட்டன. வெறும் மணற்காடாய்க் கிடந்த மெய்ஞ்ஞானபுரம் சோலையாக மாறியது கிணற்றினால்தான்.

அந்த நாட்டின் கோடையைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மற்றவர்களுக்குக் கோடை வேலையற்ற காலம். பனையேறிக்கோ அதுதான் அறுவடை. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆவணி வரையில் காலையிலும் மாலையிலும் மரம் ஏறி இறங்கவேண்டும். மழையற்ற வெயிலிலே, மணல் கொதிக்கும் நடுப்பகலிலே, பனை மட்டும் பதநீரைச் சுரந்து கொடுக்கிறது. அது கலயத்தில் இறங்கி, கொப்பரையில் கொதித்து, கருப்பட்டியாகி, ஒரு குடும்பத்தின் ஆண்டு ஜீவனமாகிறது. இந்தப் பனையேறிகளின் மத்தியில்தான் அறுப்பின் பண்டிகை என்னும் அழகிய வழக்கம் வேரூன்றியது. அவரவர் தோட்டத்து முதற்பலனை, ஒரு பூசணிக்காயோ, ஒரு வாழைத்தாரோ, ஒரு கூடை முட்டையோ, ஒரு சிப்பம் கருப்பட்டியோ, ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். ஒரு ரூபாய் பெறாத சுரைக்காய் பலமடங்கு விலைக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பவும் ஏலத்துக்கு விட்டுவிடுவார். அந்த ஏலத்தின் ஆரவாரத்தை வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்கள், அந்தச் சுரைக்காய்க்கு எத்தனை குடம் தண்ணீர் எத்தனை தூரத்திலிருந்து இடுப்பில் சுமந்து வரப்பட்டது என்பதை அறியாதவர்கள்.

இந்த மலாய் நாட்டுக்கு வந்த நம்மவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. அறுப்பின் பண்டிகை வழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். பினாங்குச் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயமாக விளங்கிவரும் புனித சவேரியார் ஆலயம் நகரத்து மக்களுக்கு உரியது. மழையை நம்பிப் பயிரிட்ட கிராமத்துக் கதையோ நீரிணைக்கு அப்பால், தெற்கே, பேராவின் கிரியான் பகுதியில் இருக்கிறது. 1880-களில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சு மிஷனரிச் சுவாமியார், பிற்காலத்தில் மலாக்கா ஆயராக உயர்ந்தவர், பாகான் செராய்க்கு அருகே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நிலத்தில் குடியேற்றினார். சூசைப்பாளையம் என்று நம் மக்கள் வழங்கும் அந்தக் குடியேற்றம், கங்காணியின் கீழே கூலியாக இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து சில குடும்பங்களுக்காவது விடுதலை தந்த ஊர். அந்தக் காலத்தில் கிரியான் வயல்கள் மழையை நம்பியே விளைந்தன. மழை பிந்தினால் நாற்று கருகும், குடிதண்ணீருக்கும் திண்டாட்டம். 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் வாய்க்கால்களும் முடிந்த பிறகுதான் அந்த வட்டாரத்துக்கு நிம்மதி பிறந்தது. அணைக்கு முந்திய அந்த ஆண்டுகளில், மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலை உருட்டிய அந்தக் குடியானவர்களின் பக்தியை, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில் வாழும் நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ள முடியாது.

தோட்டப்புறத்து லயங்களில் இந்த வறண்ட மாதங்களுக்கு இன்னொரு முகம் உண்டு. உங்களில் பலருடைய தாய்தந்தையர் அதை அனுபவித்தவர்கள். தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். அப்படிப்பட்ட மாதங்களில் அடுப்பை எரியவைத்தது லயத்தின் பின்புறத்துச் சிறு தோட்டமே. அங்கே மரவள்ளி, சேம்பு, கொத்தவரை, தண்டுக்கீரை, வேலியிலே பாகல், கூரையிலே பூசணி. பொதுக் குழாயிலோ கிணற்றிலோ முறைவைத்துப் பிடித்த தண்ணீரில் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, மீந்ததைச் செடிக்கு ஊற்றினார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ்டவுன்மீது குண்டு விழுந்த நாள் முதல் யுத்தம் முடியும்வரை, அரிசி கண்ணில் படாத வீடுகளில் உயிர் காத்தது இதே மரவள்ளிக்கிழங்குதான். அதைத் தின்று வளர்ந்த தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்ததுண்டு. ஆனால் வறண்ட மண்ணில் அதிகத் தண்ணீர் கேளாமல் விளைந்து ஒரு ஜனசமூகத்தையே தாங்கிய கிழங்குக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி, கையில் மண் ஒட்டும் காரியங்களைச் சிறிது பேசுவோம். லூக்கா சுவிசேஷத்தில் கனிகொடாத அத்திமரத்தின் உவமை இருக்கிறது. மூன்று வருஷமாய்க் காய்க்காத மரத்தை வெட்டிப்போடு என்று எஜமான் சொல்ல, தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். அவன் வெறும் தவணை மட்டும் கேட்டிருந்தால் அது கெஞ்சுதலோடு முடிந்திருக்கும். மரத்தைச் சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று அவன் தன் உழைப்பை ஈடாக வைக்கிறான். நம் ஆண்டவர் தோட்ட வேலையை அருகிருந்து பார்த்தவர் என்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும். ஏனெனில் வறட்சியில் ஒரு செடிக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உபகாரம் அதுவேதான். மேல்மண் இறுகிப் பாளமாகிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் பக்கவாட்டில் ஓடிப்போகும். அதற்குப் பதிலாக, அடியைச் சுற்றி நாலு விரற்கடை ஆழம் மட்டும், வேர் அறுபடாமல், களைக்கொத்தினால் கிளறி, மக்கிய சாணத்தையோ இலைமட்கையோ கலந்துவிட்டால், அந்த மண் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கொடுக்கும். அதன்மேல் காய்ந்த இலையையும் புல்லையும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி மூடவேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்று இடம் விடவேண்டும், இல்லையேல் கறையான் ஏறும், தண்டு அழுகும். ரப்பர்க் காட்டிலும் சாலையோரத்திலும் இந்த மாதங்களில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளைக் கூட்டிக் கொளுத்துகிறோமே, அது நெருப்பிடவேண்டிய பொருள் அன்று. மழையற்ற மாதத்துக்கென்றே மரங்கள் தாமே உதிர்த்துக் கொடுக்கும் போர்வை அது.

தேங்காய் உரித்த மட்டையைச் செடியின் பக்கத்தில் குழி தோண்டி, நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிப் புதைத்தால், ஒருமுறை நனைந்தது பல நாளைக்கு ஈரம் காக்கும். வாய்குறுகிய, சூளையில் வெந்த, பூச்சுப் பூசாத மண்பானை ஒன்றைப் பாத்தியின் நடுவில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், சுவர் வழியே கசியும் ஈரத்தை நோக்கிச் சுற்றிலுமுள்ள கத்தரி, தக்காளி வேர்கள் தாமே நகர்ந்து வரும். சில வாரம் கழித்துப் பானையைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். வெள்ளை வேர்கள் வலைபோல் அதைத் தழுவிக்கொண்டிருக்கும். காலையில் வெயில் ஏறுமுன் ஊற்றுவது உத்தமம்; மாலையில் ஊற்றுவதானால் இலையை நனைக்காமல் அடியில் ஊற்றவேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுவது மேல். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிட்டு, ஒரு நாள் தவறினாலும் வாடிப்போகும். வெண்டையின் இலையடியில் செம்பேனும், செம்பருத்தியின் குருத்தில் மாவுப்பூச்சியும் இந்த மாதங்களில்தான் பெருகும். மருந்துக் கடைக்கு ஓடுமுன் அதிகாலையில் தண்ணீரைப் பீச்சிக் கழுவிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அரிசி கழுவிய நீரும் பருப்பு ஊறவைத்த நீரும் கீரைக்கு ஆகும். சோப்பு நீரைக் கீரைமேல் ஊற்றாமல், வாழைக்கும் வேலியோரத்து மரங்களுக்கும் விடலாம்.

வறட்சியைத் தண்டனை என்றே எண்ணிப் பழகிய நமக்கு இத்தீவின் மலைச்சரிவுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. பாலிக் பூலாவில் தூரியான் தோப்பு வைத்திருக்கும் முதியவர்களைக் கேளுங்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தால் தூரியான் இலையைத்தான் பெருக்கும். பத்துப் பதினைந்து நாள் மழை நின்று மண் காய்ந்தால்தான் கிளையில் மொட்டுக் கட்டும். இந்த மாதங்களின் வறட்சியே வைகாசி, ஆனியில் நாம் கூடைகூடையாக வாங்கி உண்ணும் பழமாகிறது. மாமரத்துக்கும் இதே நியதி. ஒரு மரம் தாகமாயிருக்கும் வேளையில் பூக்கிறது என்பது சிருஷ்டியில் வைக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு. அதற்காகத் துன்பமெல்லாம் நன்மையே என்று நான் சொல்லமாட்டேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை விழுங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அதை யாரும் பூக்கும் பருவம் என்று சொல்லத் துணியலாகாது. அந்தப் பஞ்சத்தில் மழை பொய்த்தது பாதிக் காரணமே. கையிருப்பில் இருந்த தானியம் கப்பலேறிப் போனதும், உதவிக்கு வந்த கைகள் தாமதித்ததும் மனிதர் செய்த மறுபாதி. ஆகாபின் குதிரைகள் எல்லாக் காலத்திலும் உண்டு.

இந்த இடத்தில் ஜே. சி. குமரப்பா அவர்களை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மேல்நாட்டில் கணக்கியலும் பொருளாதாரமும் கற்று, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்குத் தம்மைக் கொடுத்த அந்தப் பெரியார், சிறையிலிருந்தபடியே இயேசுவின் போதனையைப்பற்றி ஒரு நூலும், நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப்பற்றி மற்றொரு நூலும் எழுதினார். பிறர் உழைப்பை உறிஞ்சி வாழ்வதில் தொடங்கி, தேனீக்களைப்போல் கூடி உழைப்பதைக் கடந்து, குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையைப்போல் கைம்மாறு கருதாமல் கொடுப்பதில் போய் முடியும் படிகளை அவர் இயற்கையிலிருந்தே எடுத்துக்காட்டினார். மண்ணுக்கு எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவேண்டும், கழிவு என்று எறிவதெல்லாம் எருவாகவேண்டும் என்பதை அவர் கணக்கனுக்குரிய கண்டிப்போடு வற்புறுத்தினார். மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் எளிய வாழ்வு வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவர் கண்மூடினார். நம் ஆலயங்களில் அவருடைய பெயர் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

தண்ணீரைப் பொறுத்தமட்டில் இவ்வூரின் சரித்திரத்திலும் ஒரு சம்பவம் உண்டு. நாம் கூடியிருக்கும் இந்த இடத்துக்கு அருகிலுள்ள அருவியிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்துக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் தண்ணீர் போயிற்று. அருவியின் அடிவாரத்தில், கல் உடைத்துக் கைவிடப்பட்ட இடத்தில், 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தாவரவியல் பூங்கா தோன்றியது. 1910-இல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக அந்தப் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கிவிடத் திட்டமிட்டு நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். திட்டம் நிறைவேறாமல் 1912-இல் பூங்கா திரும்பக் கிடைத்தது. ஒரு நகரத்தின் தாகமும் ஒரு தோட்டத்தின் உயிரும் எதிரெதிரே நிற்கும்படி நேர்ந்த சமயம் அது. இன்று நமக்கு வரும் குடிநீரில் பெரும்பங்கு இந்த அருவியினுடையதன்று. கெடாவின் மலைகளில் பிறந்து வரும் மூடா ஆற்றினுடையது. கெடாவிலே காடு அழிந்தால் நம் குழாய் வற்றும். நாம் முகம் அறியாத குடியானவர்கள் வாழும் அந்த மேட்டுநிலத்துக்காக ஜெபிப்பதும், அந்தக் காடுகளுக்காக வாய் திறப்பதும் பினாங்குக் கிறிஸ்தவனுக்கு உரிய கடமை என்று கருதுகிறேன்.

சில நாட்களுக்கு முன் தைப்பூசத்தின்போது இந்தச் சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள் நின்றதை எல்லோரும் பார்த்தீர்கள். வெயிலில் வெறுங்காலோடு நடந்துவந்த லட்சக்கணக்கான மக்களுக்கு, தமிழரும் சீனரும் ஜாதி மதம் கேளாமல் மோரும் பானகமும் தண்ணீரும் கொடுத்தார்கள். வழிபாட்டில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை எனக்குத் தெரியும். அதை மறைக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சிறியவர்களில் ஒருவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவன் தன் பலனை அடையாமற் போகான் என்று சொன்ன ஆண்டவரின் சீஷர்கள், அந்தப் பந்தல்களின்முன் தலைவணங்கி நிற்கவேண்டியவர்களே. சாறிபாத்தின் விதவை இங்கேயும் வாழ்கிறாள்.

ஆகவே, லெந்து நாட்கள் நெருங்கி வருகிற இந்த வேளையில் உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்த ஆண்டுத் தபசு காலத்தில் ஒரு வேளை உணவைக் குறைப்பதோடு ஒரு பாத்தியையும் காப்பாற்றுங்கள். அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு இரண்டு தொட்டி போதும். ஒன்றில் தண்டுக்கீரை, ஒன்றில் பசலை. அதற்குப் புதிதாகக் குழாய்நீர் வேண்டாம், சமையலறையில் மீந்த தண்ணீரே ஆகட்டும். சருகைக் கொளுத்தாமல் மண்ணுக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் முதியவரின் செடி வாடியிருந்தால், அவர் எந்த ஆலயத்துக்குப் போகிறவர் என்று பாராமல், ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு அவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். போதகர் ஐயா அனுமதித்தால், அந்தப் பாத்தியிலிருந்து வரும் முதல் கீரைக்கட்டை உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்போம். நம் பெற்றோரின் ஊர் வழக்கப்படி அதை ஏலமிட்டு, வரும் பணத்தை, எந்த மதத்தவரானாலும், இந்த வட்டாரத்தில் உதவி தேவைப்படும் குடும்பங்களுக்குக் கொடுப்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலருகே வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கீரை விதையும் அங்கேயே வைத்திருக்கிறது.